அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் இருந்த வீடுகள்

1839 அக்டோபரில் ஜோலி த லொத்பினியேர் என்ற பயணி, அந்த ஆண்டுதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்த டாகுரோடைப் புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறினார். பார்த்தெனான் கோயிலை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தவர் அவர்தான். மூலப் படம் இப்போது இல்லை. அதைப் பார்த்துச் செய்த அச்சுப்படம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஒரு கணம் குழம்பிப்போவார்கள். உடைந்த பளிங்குத் தூண்களுக்கு நடுவே, கோயிலின் வயிற்றுக்குள், கும்மட்டம் வைத்த ஒரு சின்ன மசூதி உட்கார்ந்திருக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த மசூதி இடிக்கப்பட்டது. இன்று அங்கே போனால் அது நின்ற சுவடு கண்ணில் படாது. மொட்டைப் பாறை, நாலு பளிங்குக் கட்டடங்கள், மேலே நீல வானம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக எல்லாம் இப்படியேதான் இருந்தது என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. உண்மையில் அந்த வெட்டவெளிக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. வீடுகளையும் மசூதியையும் கோட்டைச் சுவர்களையும் ஒவ்வொன்றாக அகற்றி உண்டாக்கிய வெளி அது. ஆகவே ஏதென்ஸுக்குப் போகிறவர்கள் இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கதையின் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி அடிவாரத்துச் சந்துகளில் இருக்கிறது. அந்தச் சந்துகள் இல்லாமல் மேலே இருக்கும் கற்கள் ஏன் அப்படி நிற்கின்றன என்பது விளங்காது.

பார்த்தெனானை கி.மு. 447 இல் கட்டத் தொடங்கினார்கள். பாரசீகப் படை 480 இல் ஏதென்ஸை எரித்துவிட்டுப் போன இடத்தில், ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் காலத்தில், இக்டினோஸ், கல்லிக்ராட்டீஸ் என்ற கட்டடக் கலைஞர்களும் சிற்பி ஃபிடியாஸும் சேர்ந்து எழுப்பியது. சிற்ப வேலை 432 வரை நடந்தது. இவ்வளவும் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும். அதற்கு அப்புறம் நடந்தவைதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏதீனா தேவியின் கோயில் பின்னாளில் மேரி மாதாவின் தேவாலயமானது. 1204-க்குப் பிறகு மேற்கிலிருந்து வந்த சிலுவைப்போர் பிரபுக்கள் அதைக் கத்தோலிக்கப் பேராலயமாக்கினார்கள். 1458 இல் அக்ரோபோலிஸ் துருக்கியர் கைக்கு வந்த பின் மசூதியானது. குன்றின்மேல் காவல்படையினரின் குடும்பங்கள் வாழ்ந்தன. வீடுகள், தோட்டங்கள், தண்ணீர்த் தொட்டிகள் என்று அது ஒரு சிறு ஊராகவே இருந்தது.

1687 செப்டம்பர் 26 அன்று, மொரோசினி தலைமையில் முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு ஒன்று பார்த்தெனான்மேல் விழுந்தது. உள்ளே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். கட்டடத்தின் நடுப்பகுதி வெடித்துச் சிதறியது. கோயில் இன்று நடுவில் திறந்து கிடப்பது இதனால்தான். புகைப்படத்தில் தெரியும் சின்ன மசூதி, அந்த வெடிப்புக்குப் பிறகு இடிபாட்டுக்குள் எழுப்பப்பட்டது.

இந்தக் குன்று எப்படி வெறுமையானது? அதற்கு 1834-க்குப் போக வேண்டும்.

கிரேக்கம் துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்றபோது வல்லரசுகள் ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பவேரியாவின் இளவரசன் ஓட்டோவைக் கொண்டுவந்து அரசனாக்கின. முதல் தலைநகரம் நாஃப்ப்ளியோ. 1834 இல் அதை ஏதென்ஸுக்கு மாற்றினார்கள். அப்போது ஏதென்ஸ் என்பது போரில் நொறுங்கிப்போன, சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர். துறைமுகமோ தொழிலோ பார்த்து எடுத்த முடிவு இது இல்லை. பெயருக்காக எடுத்த முடிவு. ஐரோப்பா முழுவதும் பெரிக்கிளீஸின் ஏதென்ஸைப் படித்து வளர்ந்திருந்தது. புதிய நாட்டுக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று பார்த்தெனானில் ஒரு விழா நடந்தது. பவேரிய அரசவைக் கட்டடக் கலைஞர் லியோ ஃபான் கிளென்ட்ஸ, பதின்வயது அரசன் ஓட்டோவின் முன்னிலையில் பேசினார். காட்டுமிராண்டிக் காலத்தின் சுவடுகள் எல்லாம் துடைக்கப்படும், பழைய பெருமை புதிய ஒளியில் எழும் என்பது அந்தப் பேச்சின் சாரம். பேசியது போலவே வேலையும் நடந்தது. துருக்கியர் 1686 இல் பிரித்து அரண் கட்டியிருந்த, வெற்றித் தேவதை நிக்கேயின் கோயில் கற்களை அரணை உடைத்து எடுத்து, 1835 இல் மறுபடியும் கோயிலாக நிறுத்தத் தொடங்கினார்கள். வீடுகள் போயின. மசூதி போனது. நுழைவாயிலின் ஓரத்தில் நின்ற இடைக்காலக் கோபுரம் ஒன்று, ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் அளவு உயரம், 1875 இல் இடிக்கப்பட்டது. டிராயைத் தோண்டிப் புகழ்பெற்ற ஹைன்ரிக் ஷ்லீமான் அதற்குப் பணம் கொடுத்தார். அந்தக் கோபுரமும் ஏதென்ஸின் வரலாறுதானே என்று அன்றே சில வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. 1885 முதல் 1890 வரை நடந்த அகழாய்வில் குன்றின் மண் முழுவதும், அடிப்பாறை தெரியும்வரை, தோண்டி எடுக்கப்பட்டது. நாம் இன்று கால்வைத்து நடக்கும் அந்த வழுக்குப் பாறை, பெரிக்கிளீஸ் காலத்து மக்கள் கால்வைத்த தரை இல்லை. அவர்கள் தரைக்கு அடியில் இருந்தது.

குன்றின் உச்சியைச் சுத்தம் செய்வது சுலபம், அங்கே இருந்தவர்கள் தோற்ற தரப்பு. அடிவாரத்தில்தான் சிக்கல். ஸ்டமாட்டியோஸ் கிளியான்திஸ் என்ற கிரேக்கரும் எடுவார்ட் ஷௌபர்ட் என்ற ஜெர்மானியரும் 1833 இல் புதிய தலைநகருக்கு ஒரு வரைபடம் தயாரித்தார்கள். அக்ரோபோலிஸின் வடக்கு அடிவாரம் முழுவதையும் காலியாக விட்டு, பிற்பாடு அகழாய்வு செய்ய வேண்டும், புதிய ஊர் அதற்கும் வடக்கே போக வேண்டும் என்பது திட்டம். தொலைநோக்கான யோசனைதான். ஆனால் அந்த அடிவாரத்தில் மக்களுக்கு மனைகள் இருந்தன. போருக்குப் பின் திரும்பி வந்தவர்கள் சுவரை நிமிர்த்திக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். இழப்பீடு கொடுக்க அரசிடம் பணம் இல்லை. எதிர்ப்பு வலுத்தது, கிளென்ட்ஸ வந்து திட்டத்தைச் சுருக்கினார், தோண்ட வேண்டிய மண்மேல் வீடுகள் முளைத்தன. பிளாக்கா என்ற பழைய குடியிருப்பு இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தத் தோல்விதான் காரணம். கிளியான்திஸின் சொந்த வீடே பிளாக்காவில்தான் இருக்கிறது. கிரேக்கத்தின் முதல் பல்கலைக்கழகம் 1837 இல் அந்த வீட்டில்தான் தொடங்கியது. இப்போது அது ஒரு அருங்காட்சியகம்.

பிளாக்காவுக்கும் மேலே, பாறையை ஒட்டினாற்போல் இருக்கும் சிறு குடியிருப்பின் பெயர் அனாஃபியோட்டிக்கா. ஓட்டோவின் அரண்மனையையும் புதிய தலைநகரின் கட்டடங்களையும் எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. சான்டோரினிக்குப் பக்கத்தில் இருக்கும் அனாஃபி என்ற சின்னத் தீவிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். பகலில் அரசனுக்குக் கட்டினார்கள். தங்களுக்கு இடம் இல்லாததால் அக்ரோபோலிஸின் வடகிழக்குச் சரிவில், அரசாங்கம் கட்டக்கூடாது என்று சொன்ன இடத்தில், தங்கள் தீவில் இருப்பது போலவே வெள்ளையடித்த பெட்டி வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்து விடிவதற்குள் சுவரும் கூரையும் எழுப்பிவிட்டால் அந்த வீட்டை இடிக்க முடியாது என்ற பழைய வழக்கத்தை நம்பி ஒரே இரவில் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வீடுகளில் ஒரு பகுதி 1950 இல் அகழாய்வுக்காக இடிக்கப்பட்டது. 1970களில் அரசு மிச்ச வீடுகளையும் வாங்கத் தொடங்கியது. சுமார் 45 வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்குத்தான் சந்துகளின் அகலம். தகர டப்பாவில் துளசி, படியில் உறங்கும் பூனை, பூட்டிய ஒரு கதவு, திறந்த ஒரு கதவு. இங்கே போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும். மற்றவர் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

அனாஃபிக்காரர்களின் வீடுகளில் ஒரு பகுதியாவது தப்பியது. வ்ரிசாக்கிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

வ்ரிசாக்கி என்றால் சிறு நீரூற்று. அக்ரோபோலிஸின் வடமேற்கே, இன்று பண்டைய அகோரா என்று சீட்டு வாங்கி நாம் நுழையும் பூங்கா முழுவதும் அந்தப் பெயர் கொண்ட குடியிருப்பாக இருந்தது. அகோரா என்பது பழைய ஏதென்ஸின் சந்தைவெளி. மீன் விற்றதும், வழக்கு நடந்ததும், சாக்ரடீஸ் வழிமறித்துக் கேள்வி கேட்டதும் அங்கேதான். அது அந்தப் பகுதியில்தான் புதைந்திருக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். தோண்டுவதற்குத்தான் வழியில்லை. 1922 இல் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, கிரேக்க அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்கவே அரசிடம் காசு இல்லை. இருக்கும் வீடுகளை வாங்கி இடிக்க எங்கே போவது? கடைசியில் ஏதென்ஸில் இருந்த அமெரிக்கத் தொல்லியல் பள்ளி பொறுப்பேற்றது. அமெரிக்கச் செல்வந்தர் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் பெரும்பணம் கொடுத்தார். 1931 மே 25 அன்று வேலை தொடங்கியது.

சுமார் 400 வீடுகள் இடிக்கப்பட்டன. சிறு தேவாலயங்களும் போயின. வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், மனு கொடுத்தார்கள். இழப்பீடு வாங்கிக்கொண்டு ஊரின் வேறு பகுதிகளுக்குப் போனார்கள். அகழாய்வுக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இடிப்பதற்கு முன் வீடுகளையும் தெருக்களையும் புகைப்படம் எடுத்துவைத்தார்கள். உள்முற்றம், மரப் பலகணி, துணி காயும் கயிறு, கதவருகே நிற்கும் சிறுமி. ஒரு ஊர் இருந்ததற்கு இப்போது அந்தப் படங்கள்தான் சாட்சி.

கிடைத்தது சாதாரணமானதா என்றால், இல்லை. அகோரா அகழாய்வு இல்லாமல் ஏதென்ஸ் மக்களாட்சியைப் பற்றி நாம் இவ்வளவு கிட்டத்தில் பேசியிருக்க முடியாது. நீதிமன்றத்துக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் பொறுக்கிய கல் பொறி, பேச்சாளருக்கு நேரம் அளந்த நீர்க்கடிகாரம், ஊரைவிட்டு விலக்க வேண்டிய அரசியல்வாதியின் பெயரைக் கீறிப் போட்ட பானை ஓடுகள் எல்லாம் இங்கே கிடைத்தன. அகோராவின் எல்லையில் ஒரு சிறு வீட்டில் செருப்பு ஆணிகளும், சைமன் என்ற பெயர் கீறிய ஒரு கிண்ணத்தின் அடியும் கிடைத்தன. சாக்ரடீஸ் உட்கார்ந்து பேசிய செருப்புத் தைப்பவர் பெயரும் சைமன்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பலரும் நம்புகிறார்கள், எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

ஆக, அந்த 400 வீடுகளா, சைமனின் வீடா என்று கேட்டால் பதில் சுலபம் இல்லை. எனக்கு உறுத்துவது இடித்தது மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய பூங்காவில் நடக்கிறவர்கள் பலருக்கும், காலடியில் இரண்டு ஊர்கள் இருந்தன என்பதே தெரியாமல் போவதுதான். சைமனின் வீட்டை அடித்தளக் கல்வரையில் கண்டுபிடித்துப் பெயர்ப்பலகை வைக்கிறோம். அதன்மேல் 1930 வரை குடியிருந்த தையல்காரரோ தச்சரோ யார் என்பதும் அதே அளவு மனிதக் கதைதான்.

அகோராவின் கிழக்கு ஓரத்தில் நீளமாக, புத்தம்புதிதாக நிற்கும் இரண்டடுக்குத் தூண் மண்டபம் அட்டலோஸ் மண்டபம். பெர்கமோன் நாட்டு அரசன் இரண்டாம் அட்டலோஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்தது, 1950களில் அதே அடித்தளத்தின்மேல் மறுபடி முழுசாக எழுப்பப்பட்டது, 1956 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய கல்லை அப்படியே விட வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. வெயிலில் சுற்றிவிட்டு அந்த நிழலுக்குள் நுழைந்தால், கிரேக்கர்கள் ஏன் இத்தனை தூண் மண்டபங்கள் கட்டினார்கள் என்பதை உடம்பே சொல்லிவிடும். இதன் கிடங்கில் பழங்கால மது ஜாடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கோஸ் தீவு வகை ஜாடிகளின் உடைசல்கள் நம் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. சங்கப் பாடல்கள் சொல்லும் யவனரின் மது இப்படிப்பட்ட ஜாடிகளில்தான் வந்தது. யவனர் என்ற சொல்லும் அயோனியர் என்ற பெயரிலிருந்து வந்ததுதான். ஏதென்ஸ்காரர்கள் தங்களை அயோனியரின் தாயகத்தார் என்று சொல்லிக்கொண்டவர்கள்.

இதுவரை இடித்த கதை. காப்பாற்றிய கதை ஒன்றும் இருக்கிறது. இந்த ஊரை விளங்கிக்கொள்ள அதுதான் சாவி என்பேன். ஏதென்ஸில் இன்று கூரையோடும் சுவரோடும் முழுசாக நிற்கும் பழங்காலக் கட்டடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாமே யாரோ ஒருவர் புழங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தவை.

அகோராவின் மேற்கு மேட்டில் நிற்கும் ஹெஃபஸ்டஸ் கோயில் கிரேக்கத்திலேயே நன்றாகப் பிழைத்த கோயில்களில் ஒன்று. கொல்லர்களின் கடவுளுக்குக் கட்டியது. 1834 வரை அது புனித ஜார்ஜ் தேவாலயமாக இருந்தது. விளக்கேற்ற ஆள் இருந்த கட்டடத்தைக் கல்லுக்காக உடைக்க யாரும் வரவில்லை. அது வீரன் தீசியஸின் கோயில் என்று நெடுநாள் தவறாக நம்பினார்கள். அந்தத் தவறுதான் பக்கத்துக் குடியிருப்புக்குப் பெயராகி, இன்று தீசியோ என்று ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது.

ரோமானிய அகோராவில் காற்றுக் கோபுரம் என்ற எண்கோணக் கட்டடம் இருக்கிறது. கிர்ரோஸ் ஊர் ஆண்ட்ரோனிக்கோஸ் என்ற வானியலாளர் அமைத்தது. சுமார் 12 மீட்டர் உயரம். எட்டுப் பக்கமும் எட்டுத் திசைக் காற்றுகள் இறக்கையோடு பறக்கின்றன. வெளியே சூரியக் கடிகாரக் கோடுகள், உள்ளே நீர்க்கடிகாரம் ஓடிய பள்ளங்கள். கிறித்தவர்கள் அதைத் தேவாலயமாக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சூஃபி தர்வேஷ்கள் அங்கே வழிபட்டார்கள். துருக்கிக்கான பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபுவின் ஆட்கள் பார்த்தெனான் சிற்பங்களைக் கழற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்தக் கோபுரத்துக்குள் தொழுகை நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்புறம் இருக்கும் ஃபெத்தியே மசூதியைச் சீரமைத்து 2017 இல் திறந்திருக்கிறார்கள். அதையும் பார்க்காமல் வரக்கூடாது.

பிளாக்காவின் கிழக்கு ஓரத்தில் லிசிக்ராட்டீஸ் நினைவுச்சின்னம். கி.மு. 334 வாக்கில், பாட்டுப் போட்டியில் வென்ற சிறுவர் குழுவுக்குச் செலவு செய்த செல்வந்தர் தன் பரிசு முக்காலியை வைப்பதற்காக எழுப்பிய வட்டக் கட்டடம். இப்படிப்பட்ட சின்னங்கள் அந்தத் தெருவின் நெடுக இருந்தன. தெருவுக்கே முக்காலித் தெரு என்று பெயர், இன்றும் அதே பெயர்தான், பாதையும் ஏறக்குறைய அதேதான். மற்றவை அழிந்தன. இது மட்டும் முழுசாக நிற்பதற்குக் காரணம், 1669 இல் கப்பூச்சின் துறவிகள் அந்த மனையை வாங்கி, சின்னத்தைத் தங்கள் மடத்துச் சுவரோடு சேர்த்து நூலக அறையாக்கிக்கொண்டதுதான். கவிஞர் பைரன் அந்த மடத்தில் தங்கியிருக்கிறார். கிரேக்கத்தின் முதல் தக்காளிச் செடியை 1818 இல் நட்டது அந்த மடத்துத் தோட்டத்தில்தான் என்றும் சொல்லிக்கொள்வார்கள். விடுதலைப் போரில் மடம் எரிந்தது. சின்னம் நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆள் புழங்கியதாலேயே அழிந்தவையும் ஏராளம். பளிங்கைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். மொனாஸ்டிராக்கி சதுக்கத்தில் நிற்கும் சிஸ்டராக்கிஸ் மசூதியை 1759 இல் கட்டிய துருக்கி ஆளுநர், சுண்ணாம்புக்காக ஒரு பழங்காலத் தூணைத் தகர்த்தார். அதற்காக அவர் பதவியே பறிபோனது. பழைய தூணைத் தொட்டால் ஊருக்குக் கேடு வரும் என்று மக்கள் அஞ்சினார்கள். படிப்பறிவு இல்லாத ஊர்க்காரர்கள் இடிபாடுகளை மதிக்கவில்லை, ஐரோப்பிய அறிஞர்கள் வந்துதான் காப்பாற்றினார்கள் என்ற கதையை இந்த ஒரு நிகழ்ச்சியே அசைத்துவிடுகிறது. எல்கின் பிரபு தான் எடுத்துப்போன சிற்பங்களுக்குப் பதில் பரிசாக ஏதென்ஸ் மக்களுக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார். அதற்காகக் கடைவீதியில் எழுப்பிய கோபுரம் 1884 தீவிபத்தில் கடைவீதியோடு சேர்ந்து எரிந்துபோனது. எரிந்த இடத்தைத் தோண்டியபோதுதான் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய நூலகம் வெளியே வந்தது.

மிட்ரோபோலியோஸ் சதுக்கத்தில், பெரிய பேராலயத்தின் நிழலில், ஒரு குட்டித் தேவாலயம் இருக்கிறது. ஏதென்ஸில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பார்த்தெனானைச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் இதை நினைப்பேன். சுவர் முழுவதும் பழைய பளிங்குத் துண்டுகள். கிரேக்கத் திருவிழாக்களை மாதவாரியாகக் காட்டும் ஒரு சிற்பப் பட்டை, அதில் பழைய சாமிகளுக்கு நடுவே சிலுவை செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு காலங்களை ஒரே சுவரில் கட்டிய கொத்தனாருக்கு எதை எங்கே வைக்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் எர்மு கடைத்தெருவின் நட்டநடுவே நிற்கும் 11-ஆம் நூற்றாண்டுக் கப்னிகாரேயா தேவாலயமும் 1834 திட்டத்தில் இடிபட வேண்டியதுதான். ஓட்டோவின் தந்தை, பவேரிய அரசர் லுட்விக், தலையிட்டுத் தடுத்தார். தெரு இன்று அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

20-ஆம் நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகோராவின் வட ஓரத்தை ரயில் பாதை ஏற்கனவே வெட்டிக்கொண்டு போயிருந்தது. 1869 இல் திறந்த பிரேயுஸ் துறைமுக ரயில் பாதையின் பிற்கால நீட்சி அது. பால்கன், உலகப் போர்களுக்குப் பின் ஊர் பெருத்தது, பழைய ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் வந்தன. 1970களில் பிளாக்கா இரவுக் கேளிக்கைக் கூடங்களின் இரைச்சலில் மூழ்கியது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 1980களில் அந்தக் கூடங்களை அகற்றி, தெருக்களை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கி, வீடுகளைப் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவித்தார்கள். மெட்ரோ தோண்டியபோது, தொல்பொருள் அடுக்குகளுக்குக் கீழே ஆழத்தில் சுரங்கம் போட்டும், குயவர்களின் பழைய பேட்டையும் இடுகாடுமான கெராமைக்கோஸைத் தொடாமல் பாதையை மாற்றியும் செய்தார்கள். மொனாஸ்டிராக்கி நிலையத்தில் எரிடனோஸ் என்ற பழைய ஆறு இப்போதும் ஓடுவதைக் கம்பி ஓரமாக நின்று பார்க்கலாம்.

அக்ரோபோலிஸின் தெற்கே 2009 இல் திறந்த புதிய அருங்காட்சியகத்தில் இந்தக் கட்டுரையின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிடைக்கும். கண்ணாடித் தரைக்குக் கீழே, அடித்தளம் போடும்போது கிடைத்த பழைய குடியிருப்பு அப்படியே இருக்கிறது. கிணறுகள், குளியலறைகள், பட்டறைகள். 2019 முதல் கீழே இறங்கி நடந்தும் பார்க்கலாம். ஒரு பழைய தெருவை இவ்வளவு அக்கறையாகக் காத்த அதே அருங்காட்சியகத்தின் முன்னால் டியோனிசியு அரியோபாகிட்டு தெருவில் 17 என்ற எண்ணில் ஒரு 1930 ஆம் ஆண்டு வீடு நிற்கிறது. வசிலிஸ் குரெமெனோஸ் வடிவமைத்த அழகான முகப்பு. அருங்காட்சியகத்திலிருந்து பார்க்கும்போது காட்சியை மறைக்கிறது என்று 2007 இல் அதையும் பக்கத்து வீட்டையும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1834 இல் கேட்ட அதே வாதம். இந்த முறை ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போய், வீடுகள் தப்பின.

இப்போது அடிவாரத்துக்கு வந்திருக்கும் நெருக்கடி வேறு. வீட்டை இடிக்காமலேயே குடியிருப்பவரை வெளியேற்ற முடிகிறது, நாள் வாடகைக்கு விட்டால் போதும். அருங்காட்சியகத்தின் தெற்கே கூக்காக்கி போன்ற பகுதிகளில் சாவிப் பெட்டி தொங்காத கதவு குறைந்துகொண்டே வருகிறது. 2025 தொடக்கத்திலிருந்து நடு ஏதென்ஸின் மூன்று பகுதிகளில் புதிய நாள் வாடகை வீடுகளுக்குப் பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறது. மேலே, 2023 செப்டம்பர் முதல் அக்ரோபோலிஸுக்கு நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, மணிக்கணக்கில் பிரித்து விடுகிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து சீட்டு 30 யூரோ. எல்லா இடங்களுக்கும் சேர்த்து வாங்கிய பழைய கூட்டுச் சீட்டு இப்போது இல்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை, மேலே இருந்து தொடங்க வேண்டாம். காலையில் கப்னிகாரேயா, குட்டித் தேவாலயம், மொனாஸ்டிராக்கி. வெயில் ஏறுவதற்குள் அகோரா, அட்டலோஸ் மண்டபத்து நிழலில் கொஞ்ச நேரம். கோடையில் வெப்ப அலை வந்தால் நண்பகலில் அக்ரோபோலிஸையே மூடிவிடுகிறார்கள், அந்த நேரத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் காற்றுக் கோபுரம், முக்காலித் தெரு, அனாஃபியோட்டிக்கா. வெயில் தாழ்ந்த பிறகு குன்று. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் செருப்பு அவசியம், கோடிக்கணக்கான கால்கள் தேய்த்த பளிங்கு கண்ணாடி போல் வழுக்கும்.

இறங்கி வரும்போது நேராக மெட்ரோவுக்குப் போகாமல், எதிரே இருக்கும் ஃபிலோபாப்போஸ் குன்றுப் பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டும். டிமிட்ரிஸ் பிக்கியோனிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1954 முதல் 1957 வரை கொத்தனார்களோடு நின்று ஒவ்வொரு கல்லாகப் பதித்த பாதை அது. அந்த ஆண்டுகளில்தான் ஏதென்ஸின் 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் அடுக்குமாடிகளுக்காக இடிபட்டுக்கொண்டிருந்தன. அந்த வீடுகளின் பளிங்கு, வாசற்படி, ஓடு எல்லாவற்றையும் அவர் வாங்கி வந்து இந்தத் தரையில் கோத்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் அக்ரோபோலிஸைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் நடந்துபோகிறார்கள். கொஞ்சம் குனிந்தால், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கிடந்த படிக்கல்லின் தேய்ந்த விளிம்பு தெரியும்.